வேன் பதிவுக்கு ஐந்து கையெழுத்து

டாலிகஞ்சில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, நடக்க முடியாத குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி மையம் நடத்துகிறோம். நடத்துகிறோம் என்று சொல்வதே அதிகம். நடத்துவது இரண்டு டீச்சர்களும் ஓர் ஆயாவும். நாங்கள் கூட்டம் போடுகிறோம். கமிட்டியில் ஐந்து பேர். எல்லோரும் மத்திய அரசு வேலையில் மாற்றலாகிக் கல்கத்தா வந்து, ரிட்டயரான பிறகு இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். ஆறாவது ஆள் நான். என் கணவர் துறைமுகத்தில் இருந்தார். நான் எந்த ஆபீஸ் வாசலையும் மிதித்ததில்லை. போனில் படம் ஏற்றத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக மையத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை என் தலையில் கட்டினார்கள்.

போன வருஷம் வேன்காரர் கையை விரித்துவிட்டார். டீசல் விற்கிற விலையில் கட்டுப்படியாகவில்லை, வாடகையை ஏற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி என்றார். வேன் நின்றால் ஆறு குழந்தைகள் வீட்டோடு முடங்கிவிடும். அதில் ஒருத்தி ஒன்பது வயதுப் பெண். அவள் அம்மா கரியாஹாட் பக்கம் மூன்று வீடுகளில் சமையல் செய்கிறவள். வேன் வருவதற்கு முன்னால் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்டோ மாறி மாறி வந்து பார்த்தாள். ஒரே மாதத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று, வேலைக்கும் நேரத்துக்குப் போக முடியவில்லை. அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைக்க அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். வேன் போனால் அதுவும் போச்சு.

இணையத்தில் கேட்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஆங்கிலத்தில் மூன்று வரி, பெங்காலியில் மூன்று வரி, வேனின் படம், பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கோடு. எல்லாம் தயார் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, சரி என்று சொன்னால் ஏற்றிவிடுகிறேன் என்றேன். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர்களிடம் போய்ச் சரி என்று ஒரு வார்த்தை கேட்டது என் புத்தி.

செயலாளர் அதை அச்செடுத்து ஒரு கோப்பில் வைத்தார். நிஜக் கோப்பு, நாடாவோடு. அது டாலிகஞ்சிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கிற சால்ட் லேக் போயிற்று, அங்கிருந்து திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. ஒருவர் 'ஹெல்ப்' என்று எழுதியிருப்பது பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது என்று அடித்துவிட்டு 'கைண்ட்லி கன்சிடர்' என்று போட்டார். இன்னொருவர் மையத்தின் பதிவு எண்தான் முதலில் வர வேண்டும் என்றார். மூன்றாமவர் கமிட்டி உறுப்பினர் பட்டியல் எங்கே என்று கேட்டிருந்தார். நாலாமவர் 'பேசவும்' என்று ஒரே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்பினார். என்ன பேச வேண்டும் என்று போன் செய்தேன். கோப்பு இப்போது தன் கையில் இல்லை, அதனால் ஞாபகமில்லை என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஐந்து கையெழுத்தும் விழுந்து, லெட்டர்ஹெட்டில் டைப் செய்த ஒரு கடிதம் ஃபேஸ்புக்கில் ஏறியது. க்யூஆர் கோடு சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கி முத்திரைக்கு அடியில் கிடந்தது. எந்தப் போனாலும் அதைப் படிக்க முடியவில்லை. ஏழு பேர் கைகூப்பிய பொம்மை போட்டார்கள். ஒருவர் காலை வணக்கம் சொன்னார். ஒரு பைசா வரவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஒன்பது வயதுப் பெண் தினமும் வேனில் ஒரு கூத்து அடிப்பாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தகரத்தைத் தட்டி, மினிபஸ் கண்டக்டர் மாதிரியே ராஷ்பிஹாரி, டாலிகஞ்ச் என்று கூவிக்கொண்டு வருவாள். மையத்து வாசலில் ஆயா அவளைத் தூக்கி இறக்கும்போது, கைக்குழந்தையோடு பெண்கள் இறங்கினால் கண்டக்டர்கள் டிரைவருக்குக் கொடுக்கிற குரலைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்வாள்: "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா." மெதுவாக, பெண்பிள்ளை இறங்குகிறாள், இடுப்பில் குழந்தை. நான் அதை என் ஆசைக்குப் படம் பிடித்து வைத்திருந்தேன். யாரையும் கேட்காமல், இந்த வேன் நிற்கப்போகிறது என்று ஒரு வரியும், பெரிதாக க்யூஆர் கோடும் சேர்த்து ஏற்றினேன்.

நாலே நாள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் பணம் அனுப்பினார்கள். துர்கா பூஜை வரைக்கும் வேன் ஓட வழி பிறந்தது. கமிட்டி என்ன செய்தது? அனுமதியில்லாமல் பதிவிட்டதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ கொடுத்தது. அன்றைக்குக் கூட்டத்தில் நான் பேசிய பேச்சு மேல்மாடி வரை கேட்டிருக்கும். நீங்கள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அந்தப் பெண் கல்யாண வயசுக்கு வந்துவிடுவாள் என்றேன். அன்று மகளைப் பார்க்க வந்து மையத்து வாசலில் நின்றிருந்த அவள் அம்மாவிடமும் அதையே பெங்காலியில் சொல்லிப் புலம்பினேன். எப்போதும் சிரிக்கிறவள் அன்று சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் என் கோபம் எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கே வந்தாள். சமையல் செய்கிற ஒரு வீட்டில், அந்த வீட்டு அம்மாள் போனில் படத்தைக் காட்டி, இது உன் மகளா என்று கேட்டிருக்கிறாள். மகளுக்கு நடக்க வராது என்று இவள் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. முன்பு ஒரு வீட்டில் சொல்லப்போய், அடிக்கடி லீவு போடுவாய் என்று நிறுத்திவிட்டார்களாம். இந்த வீட்டிலும் அதுவே நடந்தது. அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அஞ்சு பாபுங்ககிட்ட கேட்கணும், அஞ்சு பாபுங்ககிட்ட கேட்கணும்னு அலுத்துக்குவீங்களே, தீதி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அவள் எதிரிலேயே படத்தை நீக்கினேன். போகும்போது அவளே திரும்பி நின்று, குரல் இருக்கட்டும், முகம் மட்டும் வேண்டாம் என்றாள். பூஜைக்கு அப்புறமும் வேன் ஓட வேண்டுமே என்றாள்.

ஜன்னலும் தெருவும் மட்டும் தெரிகிற மாதிரி, அவள் மகளின் குரலோடு வேறொரு படம் எடுத்தேன். இந்தத் தடவை நானாகவே கோப்பைத் தூக்கிக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

"நல்லா ஓடிட்டிருந்த படத்தை யாரைக் கேட்டு மேடம் நீக்கினீங்க?" என்றார்.

முகம் வேண்டாம் என்று பெண்ணின் அம்மா சொன்னாள், இந்தப் புதுப் படத்துக்கு அவள் ஒப்புக்கொண்டாள் என்று கோப்பின் ஓரத்தில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அந்தம்மா கையெழுத்து எங்கே?"

ஒன்றுக்கும் உதவாத கேள்வியாகவே கேட்டுப் பழகிய மனிதர். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். இது சரியான கேள்வி. கோப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஆட்டோ ஏறினேன்.