சீமை சைக்கிளும் எட்டாத காலும்

சென்ற வருஷம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை விற்ற பணம் நாற்பது ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு, மனைவியின் தம்பியுடன் ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் போனேன். முப்பது ரூபாய்க்குள் குட்டையான ஜப்பான் சைக்கிள் வாங்குவதாக வீட்டில் முடிவு. ஆனால் கடை வாசலில் உயரமான சீமை சைக்கிள் ஒன்று பளபளத்தது. விலை எழுபது. அதில் போனால் ஊரே அண்ணாந்து பார்க்கும் என்று தோன்றியதும், வீட்டில் செய்த முடிவு மறந்துபோயிற்று.

“ஓட்டிப் பாருங்க. கீழ போட்டா நீங்கதான் வாங்கிக்கணும்,” என்றார் கடைக்காரர்.

மச்சானைப் பிணையாக உட்காரவைத்துவிட்டு, கடைப்படியில் கால் வைத்து ஏறிக் கிளம்பினேன். அப்புறம்தான் தெரிந்தது, கால் தரைக்கு எட்டவில்லை! காலை ஊன்றி இறங்குவதைத் தவிர வேறு வித்தை நான் கற்றதில்லை. விழுந்தால் மீதி முப்பது ரூபாய்க்கு உழவு மாட்டைத்தான் விற்கவேண்டும். வேர்த்து விறுவிறுத்துக் கடைத்தெருவையே சுற்றினேன்.

“இன்னா மாமா, போய்க்கினே இருக்கீங்க? நீங்க ஓடிட்டீங்கன்னு இவரு என் துண்டைப் புடிச்சிக்கினாரு!” என்று கத்தினான் மச்சான்.

“எறங்க வரலைடா! ஜல்தி வந்து புடிங்க!”

அடுத்த சுற்றில் இருவரும் ஓடிவந்து கேரியரைப் பிடித்து நிறுத்தினார்கள். மச்சான் என்னை இடுப்பில் தூக்கி இறக்கினான். கடைக்காரர் சைக்கிளைத்தான் தடவிப் பார்த்தார்.

ஜப்பான் சைக்கிளையே வாங்கினேன். இப்போது தெரிந்தவர் யார் சைக்கிள் வாங்கப் போனாலும் நானும் துணைக்குப் போகிறேன். முதலில் ஆளை ஏற்றிக் காலை ஊன்றச் சொல்கிறேன். ஊன்றிய பிறகுதான் விலையையே கேட்கவிடுகிறேன்.