உல்டா கை

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு ஒரு பேய்ப்படக் குழு வந்து, பெரார்கஞ்சில் காலியாகக் கிடந்த பழைய வீடு ஒன்றைப் பிடித்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் கெட்டதாகி, வெளியே வந்து கதாநாயகியைக் கொல்லப் பார்க்கும். அவ்வளவுதான் கதை. கிராபிக்ஸுக்கு வழியில்லை. அதனால் ஒரு பீரோவின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெறும் சட்டத்துக்கு இந்தப் பக்கம் நடிகையையும் அந்தப் பக்கம் அதே உயரத்தில், அதே சேலையில் இன்னொருத்தியையும் நிறுத்தினார்கள். நடிகை வலது கையால் தலை வாரினால் எதிரே நிற்பவள் இடது கையால் வார வேண்டும். அதற்கு வந்து பார்த்த பெண்கள் எல்லாரும் தடுமாறினார்களாம். நான் இடது கைக்காரி. புரோத்ராபூரில் என் பக்கத்து வீட்டுக்காரர்தான் அவர்களுக்கு ஜீப் ஓட்டினார். அவர் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார்.

சின்ன வயதிலிருந்தே இந்தக் கைக்கு வசவுதான். அம்மா 'பீச்சாங்கை' என்று கரண்டியால் அடிப்பாள். இங்கே பேசும் இந்தியிலோ வலது கை 'சீதா', நேரான கை. இடது கை 'உல்டா', தலைகீழ்க் கை. அந்த இயக்குநர்தான் முதன்முதலாக, "உங்க கைதான் மேடம் படத்துக்கே உயிர்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஓடினேன். என் எட்டு வயது மகளும் என்னைப் போலத்தான். வலது கையால் எழுதச் சொன்ன டியூஷன் டீச்சரிடம் வீடேறிச் சண்டை போட்டவள் நான். நம் கை சினிமாவில் வரப்போகிறது என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன்.

படத்தை இருவரும் போனில்தான் பார்த்தோம். என் முகம் முழுக்கக் கூந்தல். கை மட்டும் தெரிந்தது. அது உயரும்போதெல்லாம் ஓர் ஊளைச் சத்தம். கடைசியில் ஒரு மந்திரவாதி வந்து, இடது கையால் வாருகிறவள்தான் பேய், அதுதான் அடையாளம் என்கிறான். படம் எடுத்தபோது இதை ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்டுத் தொலைக்கவில்லை. இயக்குநரைப் போனில் கிழி கிழியென்று கிழித்தேன். வெறும் படம்தானே மேடம் என்று சிரித்தார். வெறும் படமாம்!

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மகள் கண்ணாடி முன்னால் சீப்பைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்துவிடும் என்று அதட்டினேன்.

"அம்மா, நான் உல்டா கையால வாருனா, உள்ள இருக்கிறவ சீதா கையால வார்றா. அப்ப அவதான் நல்லவ. நான்தான பேய்?"

இல்லை என்று கத்தினேன். அவள் பயந்து சீப்பை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். வகிடு கோணிக்கொண்டு போனது. அந்த இயக்குநர் எதிரில் இருந்திருந்தால் ஓங்கி அறைந்திருப்பேன், இதே இடது கையால்.

வகிட்டைச் சரிசெய்யக் கையை நீட்டினேன். அவள் தலையை நகர்த்திக்கொண்டாள்.