பட்டியலில் ரெபேக்காள் பெயர்

ரெபேக்காளுக்கு இடுப்பு வலி வந்ததும் ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று. நாவலூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் நாள் முழுக்க நின்று பாத்திரம் கழுவுகிற வேலை அவளுக்கு. டாக்டர் யோகா செய்து பார்க்கச் சொன்னார். திருப்போரூரில் சங்கரி டீச்சர் தன் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை காலை வகுப்பு நடத்துவதைக் கேள்விப்பட்டு, ஒரு கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

யோகா என்றதும் அவள் போகிற சர்ச் சபையில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் சங்கரி டீச்சர் முதல் நாளே, மூச்சை இழுக்கும்போது அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். பக்கத்துப் பாயில் கோபாலகிருஷ்ணன் சார் 'முருகா' என்பார். இவள் மனசுக்குள் 'ஸ்தோத்திரம்' என்பாள். இரண்டு பேருடைய மூச்சும் ஒன்றாகத்தான் வெளியே வரும். தரையைத் தொட முடியாதவர் முழங்காலைத் தொட்டால் போதும், யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்த மாடி அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதை வைத்து வாரம் ஒருவர் வீட்டில் சமைத்துக் கொண்டுவருவது வழக்கம். ஆடியில் கேழ்வரகுக் கூழ் வந்தது. மழை பிடித்ததும் கொள்ளு ரசம் வந்தது. பட்டியல் போடுகிறவர் அமிர்தவல்லி மேடம். தூத்துக்குடிக்காரர், கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. பட்டியல் இரண்டு சுற்று வந்துவிட்டது. ரெபேக்காள் பெயர் மட்டும் இல்லை.

மார்கழியில் ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"என் பேரு ஏன் மேடம் வரல?"

அமிர்தவல்லி தடுமாறினார். "நீங்க பாவம், நாள் பூரா நிக்கிற வேலை. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான் விட்டேன்."

"சிரமப்பட நான் ரெடியாத்தான் கீறேன்."

அடுத்த சனிக்கிழமைக்கு அவள் பெயர் ஏறியது. ஏறிய பிறகுதான் யோசித்தாள். இத்தனை நாள் இரக்கப்பட்டுத்தான் பெயரை விட்டார்களா, ஊருக்கு வெளியே இருக்கிற காலனி வீட்டுச் சமையல் என்று ஒதுக்கினார்களா? அது தட்டை நீட்டும்போதுதான் தெரியும். அவள் கணவன் தேவசகாயம், பேசாமல் கடை மிக்சர் வாங்கிக் கொடுத்துவிடு, அதை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்றான்.

"கடைல வாங்கிக்கினு போறதுக்கு நான் எதுக்கு? கடைக்காரனே போவட்டும்" என்றாள்.

சந்தையில் பனங்கிழங்கு வந்திருந்தது. உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, நடு நரம்பை எடுத்து, நார் உரித்து நறுக்கினாள். பச்சைமிளகாய், பூண்டு, தேங்காய் சேர்த்து இடித்து உருண்டை பிடித்தாள். வீடே மணத்தது.

மாடியில் மூடியைத் திறந்தபோது ஒரு நிமிடம் யாரும் கை நீட்டவில்லை.

"எங்க செஞ்சீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க வூட்லதான். காலனில, தண்ணித் தொட்டிக்கு எதிர் வூடு" என்றாள் ரெபேக்காள். குரலைத் தாழ்த்தவில்லை.

கோபாலகிருஷ்ணன் சார்தான் முதலில் எடுத்தார். அவர் இரண்டாவது எடுப்பதற்குள் நாலைந்து கைகள் பாத்திரத்துக்குள் போயின. எடுக்காதவர் ஒருவர் இருந்தார். இன்று விரதம் என்றார். ரெபேக்காள் அவரைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. அமிர்தவல்லி ஒரு உருண்டையைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊர்ல கிழங்கை அவிச்சு, உரிச்சு, அப்படியே கடிச்சுத் திம்போம். பூண்டைப் போட்டுக் கெடுக்க மாட்டோம்."

"கெடுக்கறதா? பூண்டு இல்லாம சும்மா கடிச்சா மாடு துன்ற மாதிரி கீது."

மாடியே சிரித்தது. அமிர்தவல்லி விடவில்லை. மண் ருசி போய்விடும் என்றார். மண்ணைத் தின்னவா கிழங்கு வாங்குகிறோம் என்றாள் இவள். தேங்காய் வேண்டுமா வேண்டாமா என்று கோபாலகிருஷ்ணன் சாரும் நடுவில் புகுந்தார். இத்தனை மாதத்தில் அந்த மாடியில் யாரும் ரெபேக்காளோடு இப்படிச் சரிக்குச் சரியாக வாதாடியதில்லை. பாவம் என்று பார்க்கிற ஆளோடு யார் சண்டை போடுவார்கள்? அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

"வர்ற சனிக்கிழமை எங்க ஊர் பக்குவத்துல நான் கொண்டுவர்றேன்" என்றார் அமிர்தவல்லி, பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை வழித்துக்கொண்டே. "தின்னுட்டு அப்புறம் பேசுங்க."

"கொண்டாக்கா" என்றாள் ரெபேக்காள். "தோத்துட்டா எல்லார் முன்னாலயும் ஒத்துக்கணும், ஆமா."