கேள்வி முடியுமுன் மணியடித்தவள்

'இனிய சொல்லும், அடக்கமான தோற்றமும், தோற்றவர் மனம் நோகாதபடி வெல்லும் பாங்கும் ஒருங்கே அமைந்த செல்வி பெ. சவுரியம்மாள்' என்று திண்டிவனம் ஞாயிறு மன்றத்தின் 1985-ம் வருட ஆண்டு மலர் அச்சிட்டிருந்தது. எழுதியவர் பேராசிரியர் அரங்கநாதன். மன்றம் தை மாதந்தோறும் நடத்தும் பொது அறிவுப் போட்டியில் கேள்வி கேட்கிறவரும் அவர்தான். சவுரியம்மாளை இரண்டு வருடம் மேடையில் நாலடி தூரத்தில் பார்த்தவர். ஆகவே தெரியாமல் எழுதிவிட்டார் என்று சொல்லித் தப்ப முடியாது. அவளுக்கு முன்னால் விருத்தாசலம் என்கிற வங்கிக் குமாஸ்தா வென்ற வருடம் அவருக்கு எழுதிய வாக்கியத்தையே எடுத்து, 'திரு'வை அடித்துவிட்டுச் 'செல்வி' போட்டிருந்தார். விருத்தாசலத்துக்கும் அது அப்படியொன்றும் பொருந்தியதில்லை.

சவுரியம்மாளிடம் இனிய சொல் இல்லை. அவளிடம் இருந்த சொல் 'அடுத்தது'. விடை சரியென்று பேராசிரியர் தலையசைத்து, கூட்டம் கைதட்ட ஆரம்பிக்கும்போதே, யார் முகத்தையும் பார்க்காமல், "அடுத்தது, வரலாறு நாப்பது" என்பாள். கைதட்டல் பாதியில் நின்றுவிடும். தட்டினவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழிப்பார்கள்.

போட்டி இப்படித்தான்: மேடையில் நாலு மேசை, மேசைக்கு ஒரு சைக்கிள் மணி. பின்னால் ஒரு பலகை. அதில் தலைப்புவாரியாக அட்டைகள் தொங்கும். பத்து மதிப்பெண் அட்டை, இருபது, முப்பது, நாற்பது. முதலில் மணியடித்துச் சரியாகச் சொன்னவர் அடுத்த அட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லோரும் பத்தில்தான் தொடங்குவார்கள். அப்படியொரு சட்டம் கிடையாது. பந்தியில் உட்கார்ந்ததும் பாயசம் கேட்கக் கூடாது என்றுகூடத்தான் சட்டம் கிடையாது. சவுரியம்மாள் நாற்பதில் தொடங்கினாள். மற்ற மூன்று பேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பெரிய அட்டைகள் எல்லாம் பலகையை விட்டு இறங்கியிருக்கும்.

அதைவிடப் பெரிய குற்றம், கேள்வியைக் கேட்டு முடிக்க விடமாட்டாள். "பனமலைக் குன்றின்மேல் எழில் கொஞ்ச எழுந்து நிற்கும்..." என்று பேராசிரியர் ராகம் எடுப்பார். மணி. "ராஜசிம்மன்." இரண்டு வாரம் உட்கார்ந்து இழைத்த கேள்வி. அதன் வால் பகுதியை ஊர் கேட்டதே இல்லை.

அவள் விழுப்புரம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். பேசுகிறவர் இரண்டு எண் சொல்லும்போதே கை மூன்றாவதைத் தேடிப் போக வேண்டிய வேலை. முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பலகையில் பத்து விளக்கு எரியும், பத்துப் பேர் வைவார்கள். சர்க்கார் சம்பளம் கொடுத்து வளர்த்த பழக்கத்துக்குத் திண்டிவனத்தில் முரட்டுத்தனம் என்று பெயர்.

இந்த முரட்டுத்தனத்தைப் பற்றி விவாதிக்க மார்கழியில் மன்றம் ஒரு கூட்டம் போட்டது. 'தங்கள் கருத்தையும் கூற வரவும்' என்று அவளுக்கும் அழைப்பு. கூட வேலை பார்க்கும் செண்பகத்தை இழுத்துக்கொண்டு பாசஞ்சரில் ஏறினாள். எதிர் சீட்டில் விருத்தாசலம். விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வங்கி. வருடக்கணக்காக அதே பெட்டியில் அதே ஜன்னல்.

"நீ ஆடறது தப்புன்னு நான் சொல்லலம்மா," என்று அவர் ஆரம்பித்தார். "ஆனா எதுக்கும் ஒரு இது இருக்குதில்ல. போன வருசம் மேடையில நான் வாயத் தொறந்ததே கொட்டாவி வுடத்தான்."

"மணி உங்க மேசையிலயும்தான் சார் இருந்துது," என்றாள் செண்பகம். "பூசை பண்ணவா வெச்சாங்க?"

"அதான் இந்த வருசம் வூட்ல பழகிக்கினு இருக்கறேன். எங்க காந்திமதி பாதிக் கேள்விதான் படிப்பா, நான் டிங்குனு அடிச்சுடணும். பக்கத்து வூட்டுக்காரரு பால்காரன் வந்துட்டான்னு சொம்பு எடுத்துக்கினு வெளிய வந்துடறாரு. தெனம் இதே பேஜாரு. நான் மட்டும் இல்ல, மத்த ரெண்டு பேரும் இப்படித்தான் பண்றாங்களாம்."

"அப்போ தப்பு இல்லன்னு ஆயிடுச்சு," என்றாள் செண்பகம்.

"நாங்க பண்ணா பயிற்சிம்மா," என்றார் விருத்தாசலம். தான் சொன்னதைத் தானே ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கெட்டவர் இல்லை. பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் பேச்சு போட்டியின் கேடயத்துக்கு வந்தது. சுழற்கேடயம்: ஜெயித்தவர் வீட்டில் ஒரு வருடம் இருக்கும், அடுத்த போட்டிக்கு முன் மன்றம் வாங்கிக்கொள்ளும். தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தால் அவருக்கே சொந்தம். இந்தத் தை சவுரியம்மாளுக்கு மூன்றாவது. "என் வூட்ல இருந்தப்ப பின்பக்கம் பல்லி முட்டையே வெச்சிருந்துது," என்றார் அவர். "எடுக்க வந்த மன்றத்துக் கணக்குப்பிள்ளை அப்படியே தூக்கிக்கினு போனாரு. நான்தான் தொடச்சுத் தரேன்னேன். இன்னாத்துக்கு சார், வுடுங்கன்னுட்டாரு."

சவுரியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வீட்டுக்கும் அதே கணக்குப்பிள்ளைதான் வந்தார், இரண்டு மார்கழியிலும். முதல் தடவை வாசலிலேயே நின்று, பையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரும் துணியும் எடுத்துக் கேடயத்தை முன்னும் பின்னும் ஈரத்துணியால் துடைத்து, பிறகுதான் கைக்குள் வாங்கினார். "தூசிம்மா," என்றார். இரண்டாம் தடவை அவள் காலையிலேயே பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தாள். அவர் மறுபடியும் துடைத்தார். வாசலில் குழாய் இருந்தது. அவர் தண்ணீரைத் திண்டிவனத்திலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

ஆகவே அவளுக்கு வேண்டியிருந்தது புகழோ பரிசோ அல்ல. கேடயம் தன் வீட்டிலேயே இருக்க வேண்டும், அந்தத் துணி மறுபடி தன் வாசலுக்கு வரக் கூடாது. அதற்கு ஒரே வழி ஜெயிப்பது. அது தெரிந்துதான் மன்றமும் திடீரென்று நாகரிகத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்திருக்கிறது என்பது அவள் கணிப்பு. கணிப்பு தப்பு என்று சொல்ல இதுவரை யாருக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

கூட்டத்தில் நடுநாற்காலி மன்றத் தலைவர் தாண்டவராயனுக்கு. எண்ணெய் ஆலையும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலைக்கு மண்டியும் உள்ளவர். கேடயம் அவருடைய அப்பா நினைவாக அவர் கொடுத்தது. அப்பாவின் பெயர் தகட்டின் நடுவில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஆட்டம்னா நாலு பேரும் ஆடணும்மா," என்றார் தாண்டவராயன். குரலில் கோபம் இல்லை. "நீ ஒருத்தியே ஆடிக்கினு இருந்தா மத்தவங்க இன்னா, மேசைக்குக் காவலா?"

"நீங்க மண்டியில ஏலம் கேக்கறப்ப எப்படி சார்?" என்றாள் சவுரியம்மாள். "மொதல் வெலையிலயே மத்தவங்க வாய அடைச்சுடுவீங்கன்னு எங்க ஊரு கெடார் வரைக்கும் பேச்சு."

"அது யாவாரம். இது அறிவு."

"அறிவுக்கு எதுக்கு சார் மணி? முந்திக்கத்தானே வெச்சீங்க?"

அறையில் ஒருவர் இருமினார். அவளுடைய அப்பா பெரியதம்பி கெடாரில் ஊரான் நிலத்தில் உழைத்து, எதிரே வருகிறவர்களையெல்லாம் 'ஐயா' என்று கூப்பிட்டே காலம் தள்ளியவர். மகள் 'சார்' என்றாள். இதை மன்றத்தில் யாரும் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எல்லோர் காதிலும் விழுந்தது.

"வேகம் அறிவாகாது," என்றார் பேராசிரியர் அரங்கநாதன். "வினாவைச் செவிமடுப்பதும் ஒரு பண்பாடு."

"ஆட்டத்துக்குப் பதினஞ்சு நாள் வெச்சுக்கினு சட்டத்த மாத்தறது நல்லா இல்ல," என்று விருத்தாசலம் எழுந்து சொன்னார். அவர் குரல் பதிவானது; தீர்மானமும் நிறைவேறியது. கேள்வி முழுவதும் படித்து 'வினா முற்றும்' என்று பேராசிரியர் சொன்ன பிறகே மணியடிக்க வேண்டும். முந்தி அடித்தால் இருபது மதிப்பெண் கழிக்கப்படும். பத்து மதிப்பெண் அட்டைகளிலிருந்தே வரிசையாக ஆட வேண்டும்.

திரும்பி வரும்போது செண்பகம், "வுட்டுத் தொல சவுரி," என்றாள். "அவங்க கேடயம், அவங்க மணி, அவங்க சட்டம். நீ போகலன்னா இன்னா கொறஞ்சு போவுது?"

"நான் போகலன்னா அவங்க ஜெயிச்ச மாதிரி."

"போய்த் தோத்தா?"

"தோத்துட்டு வர்றேன். அப்பயும் எதிர்ல உக்காந்து தோக்கறேன்."

தை மாதம் இரண்டாவது ஞாயிறு மத்தியானம், திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். கூட்டம் வாசல்வரை நின்றது. இந்த முரட்டுத்தனத்தைக் கண்டித்தவர்களில் பாதிப்பேர் அதைப் பார்க்க முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள்.

அப்புறம் நடந்ததை மன்றம் எதிர்பார்த்திருக்க முடியாது, எதிர்பார்த்திருக்கவும் வேண்டும். மூன்று ஆண்களும் ஒரு வருடமாக வீட்டில் உட்கார்ந்து பாதிக் கேள்வியில் மணியடிக்கப் பழகியவர்கள். தீர்மானம் அவர்கள் தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. பேராசிரியர், "தென்னாற்காடு மாவட்டத்தில் பாயும்..." என்றதும் விருத்தாசலத்தின் மணி டிங்கென்றது. இருபது போயிற்று. அவர் தன் கையையே வெறித்துப் பார்த்தார். அடுத்த கேள்விக்கு அடுத்த மேசை. அதற்கடுத்ததற்கு மறுபடி விருத்தாசலம். அரைமணியில் மூன்று பேரும் சைபருக்குக் கீழே இறங்கி, யார் அதிகம் கீழே என்பதில் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சவுரியம்மாள் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு கேள்வியும் அவளுக்குப் பாதியிலேயே தெரிந்தது. மீதிப் பாதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பேராசிரியர் எழில் கொஞ்ச வைத்தார், திக்கெட்டும் புகழ் பரப்பினார், கடைசியில் 'வினா முற்றும்' என்றார். கையை எடுத்தாள், அடித்தாள், சொன்னாள். பத்து. மறுபடியும் பத்து. அவள் ஆடியதிலேயே அடக்கமான ஆட்டம் அதுதான், அதுதான் அவளுக்கு மிகவும் அருவருப்பாகவும் இருந்தது. ஜெயித்துக்கொண்டே ஆத்திரப்பட ஒருத்தியால் முடியும் என்பதை மண்டபம் பார்த்தது, ஆனால் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டது.

"இன்னாம்மா, தூங்கிட்டியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஜல்தியா அடிம்மா. நாங்க இன்னாத்த பாக்க வந்தோம்?"

கடைசி அட்டை இறங்கியபோது மற்ற மூன்று பேரையும் கூட்டினாலும் ஒரு மதிப்பெண் தேறவில்லை.

தாண்டவராயன் மேடையேறினார். ஒரு கையில் கேடயம். அவருக்குப் பின்னால் கணக்குப்பிள்ளை, ஒரு புது எவர்சில்வர் குடத்தோடு. மைக்கைப் பிடித்து அவளை நிறையப் புகழ்ந்தார். இந்த வருடம் அவள் எவ்வளவு நாகரிகமாக ஆடினாள் என்றார். மூன்று வருட வெற்றியைப் போற்றி மன்றம் குடம் கொடுக்கிறது என்றார்.

"கேடயத்துல எங்கப்பா பேரு இருக்கறதால, அது மன்றத்துலயே இருக்கட்டும்னு நம்ம சவுரியம்மா பெரிய மனசு பண்ணி..."

மணி அடித்தது. கேள்விக்குத்தான் சட்டம் போட்டிருந்தார்கள். தலைவர் உரைக்குப் போடவில்லை.

"நான் அப்படிச் சொல்லல சார்," என்றாள் சவுரியம்மாள்.

"இரும்மா, பேசி முடிச்சுக்கறேன்."

"நீங்க முடிச்சாலும் நான் சொல்லல."

தாண்டவராயன் மைக்கைக் கையால் மூடினார். மூடியும் கேட்டது. "எங்கப்பா பேரும்மா அது. போயி எங்கெங்கயோ மாட்டி வெப்பியா?"

"எங்க வூட்ல மாட்டுவேன். ரெண்டு வருசம் நான்தான் தொடச்சேன் சார். எடுக்க வந்தவரு பாட்டில்ல தண்ணி கொண்டாந்து, என் வாசல்ல நின்னு மறுபடியும் தொடச்சாரு. இனிமே அவருக்கு அந்தக் கஷ்டம் வேணாம்."

கணக்குப்பிள்ளை குடத்துக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்தார். விருத்தாசலம் தன் மேசையில் தலை நிமிராமல் இருந்தார். பல்லி முட்டை அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"இன்னா சார், சட்டம் இன்னா சொல்லுது?" என்று தாண்டவராயன் பேராசிரியர் பக்கம் திரும்பினார். நல்ல பதில் வரும் என்று நம்பித்தான் கேட்டார்.

அரங்கநாதன் கையிலிருந்த கேள்வித் தாள்களை அடுக்கினார், மறுபடியும் அடுக்கினார். "அது அவங்களுடையது," என்றார். அடைமொழி இல்லாமல் அவர் ஒரு வாக்கியம் பேசி மன்றம் கேட்டது அதுவே முதல் தடவை.

தாண்டவராயன் கேடயத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அது முன்வரிசைக்கு வந்து சேரவில்லை. செண்பகம் மேடையோரம் வந்து, "அந்தக் கொடத்தயும் எடுத்துக்கோடி, நல்ல கனமா இருக்குது," என்று கிசுகிசுத்தாள்.

சவுரியம்மாள் குடத்தைத் தொடவில்லை. கேடயத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள், சாயங்காலப் பாசஞ்சரில் விழுப்புரம் போனாள், அதை வீட்டில் ஆணியடித்து மாட்டினாள்.