குடிக்காதவனின் கணையம்

ஏற்காடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மிளகும் காப்பித்தூளும் விற்கிறேன். ஒரு மதியம் மேல்வயிற்றில் பிடித்த வலி, முதுகைப் பிளந்துகொண்டு வந்துவிடும் போலிருந்தது. சேலத்துக்கு இறக்கினார்கள். கணைய அழற்சி (செரிமான நீர் சுரக்கும் உறுப்பின் வீக்கம்) என்றார்கள். அங்கே தொடங்கியது என் மானக்கேடு.

"எத்தன வருசமா குடிக்கறீங்க?" என்றார் இளம் டாக்டர்.

"தொட்டதே இல்லைங்க."

சிரித்தார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம். அவ்வளவு படித்த மூளைக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்திருந்தது. என் மனைவி நூர்ஜஹானைத் திரைக்கு அந்தப்புறம் அழைத்து அதையே கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க" என்றாள்.

'எனக்குத் தெரிஞ்சு'வாம்! வலி ஊசிக்கு அடங்கியது. இது அடங்கவில்லை.

வீடு திரும்பிய சில வாரங்களில் இரண்டு வாய்க்கே வயிறு நிரம்பியது, வாந்தி. கணையத்தை ஒட்டி நீர்க்கட்டி (கசிந்த நீர் தேங்கி, சுற்றிலும் உறை கட்டியது) என்றது ஸ்கேன். உறை தடிக்கும்வரை பொறுக்கச் சொன்னார் பெரிய டாக்டர். ஊருக்கு ஏது பொறுமை? ஊசியில் உறிஞ்சினால் தீராதா என்று கேட்ட மேதைக்குத் தொழில், லாட்ஜுக்கு ஆள் பிடிப்பது. டாக்டர் கேட்ட கேள்வி எனக்கு முன்னாலேயே மலையேறியிருந்தது; பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர்கள் என் வாயை மோப்பம் பிடித்தார்கள். குடிகாரர்கள் மட்டும் பாசமாக வந்தார்கள். "பாய், நம்மகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே!" தூ!

உறை தடித்ததும் வாய்வழியே குழாய் விட்டு, இரைப்பையிலிருந்து கட்டிக்குள் துளையிட்டு ஸ்டென்ட் (சிறு வடிகால் குழல்) வைத்தார்கள். தேங்கியது இரைப்பைக்குள் வடிந்தது. பிறகு பித்தப்பையை எடுத்தார்கள். அதிலிருந்து நழுவிய கல்தான் கணையத்தின் வழியை அடைத்திருக்கிறது. முதல் ஸ்கேனில் குடலில் இருந்த வாயு கல்லை மறைத்துவிட்டதாம். உங்களையும் குடிகாரன் என்றால், பித்தப்பையை மறுபடி பார்க்கச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

கருத்த கற்களைக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். ஊர் பார்க்கட்டும் என்று கடை முன்னால் வைத்தேன். முதலில் பார்த்தவர், "மிளகு என்ன வெலைங்க?" என்றார்.

அன்று கடை சாத்தும்போது நூர்ஜஹான் மெல்லச் சொன்னாள்.

"ஏனுங்க, நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்ப கடை பூரா தேடுனேன்."

"என்னத்த?"

"பாட்டில."

"கெடச்சுதா?"

"இல்லீங்க." அழுதாள். "கெடச்சா நல்லாருக்கும்னு இருந்துச்சு. நிறுத்துனா பொழச்சுக்குவீங்கல்ல."

ஊரை இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதுமில்லை. ஆனால் இப்போதெல்லாம் என் நாள் வயிற்றைக் கேட்டுத்தான் நகர்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அவள் சொல்லும் நேரத்தில், அவள் பிசைந்து வைப்பதை மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறேன்.