வரத்துப் பாட்டு

பல்கலைக்கழக நூலகத்தில் ஓலைச்சுவடிகள் என் பொறுப்பு. பட்டியலுக்காக ஒவ்வொரு சுவடியின் தொடக்கத்தையும் முடிவையும் நான் உரக்க வாசிப்பேன். உடன் வேலை செய்யும் பாளையங்கோட்டை அக்கா கணினியில் ஏற்றுவார். பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஆனாலும் தடுமாற மாட்டேன். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அன்று பகலில் எடுத்தது ஒரு வில்லுப்பாட்டு ஏடு. கோயில் கொடை விழாவில் சாமியை வரவழைக்கப் பாடும் வரத்துப் பாட்டு என்பது இரண்டு அடி வாசித்த பிறகுதான் தெரிந்தது. வாசலில் நின்ற காவலாளி அண்ணாச்சிக்குக் கால்கள் நடுங்கத் தொடங்கின. அவர் சீவலப்பேரிக்காரர், ஊர்க்கோயிலில் சாமியாடுபவர். நான் நிறுத்தினேன்.

"நிறுத்தாத பிள்ள," என்றார் கதவைப் பற்றிக்கொண்டு. அது அவர் குரலாகவே இல்லை. "பாதியில விட்டா வந்தது எங்கன போவும்?"

சாமியை மலையேற்றி அனுப்பும் அடிகள் கடைசி ஓலையில் இருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தேன். செல்லரித்து, ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. அவருக்கோ கண்கள் செருகின. நான் அந்த ஓலையைப் பார்த்தபடியே வாசித்தேன். நான்கு அடிகள் வந்தன. அவர் மெல்லச் சரிந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

பயத்தில் கணினியை விட்டுத் திரும்பாத அக்கா, "முடிவையும் ஏத்திட்டேன்," என்றார்.

"அழிச்சிருங்கக்கா. அது ஏட்டுல இல்ல."

அக்கா வந்து ஓலையைப் பார்த்தார். "இல்லாததையா இப்படித் தடுமாறாம வாசிச்ச?"

திரையில் இருந்ததை இருவரும் படித்தோம். நான் எங்கும் கேட்டறியாத சொற்கள். அழித்துவிட்டு, 'இறுதி ஓலை சிதைவு' என்று நானே ஏற்றினேன்.