ஆர்கனுக்குக் காற்று அடித்த காலம்

எங்கள் ஊர் லூத்தரன் கோயிலில் வெள்ளைக்காரன் காலத்துக் குழல் ஆர்கன் ஒன்று இருந்தது. கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவில் கிடந்த எங்கள் சிற்றூருக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான். முன்னால் ஒருவர் உட்கார்ந்து வாசித்தால், பின்னால் ஒருவர் நின்று துருத்தியின் கைப்பிடியை ஏற்றி இறக்க வேண்டும். காற்று நின்றால் சத்தமும் நின்றுவிடும். வாரத்தில் ஆறு நாள் நெல் மிஷினில் மூட்டை தூக்கிய நான், ஞாயிற்றுக்கிழமை காற்று அடித்தேன்.

வாசித்தது உபதேசியாரின் மகள். அறுபதுகளின் கடைசியில் தொடங்கி ஆறு வருஷம், எங்கள் இருவருக்கும் நடுவே ஆள் உயரப் பலகை. நான் பார்த்துக்கொண்டு நின்றதெல்லாம் அந்தப் பலகையைத்தான். அவள் என்றால் எனக்கு உயிர். ஆனால் வாயைத் திறந்து சொல்லத் துப்பில்லை. அவளோ வார்த்தைக்கு வார்த்தை என்னை அண்ணா என்பாள்.

ஒரு ஞாயிறு பலகை இடுக்கில் கண்ணை வைத்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். கை தானாக நின்றுபோயிற்று. பாட்டின் நடுவிலேயே ஆர்கன் முனகிக்கொண்டே அடங்கியது. ஆராதனை முடிந்ததும் போதகர், தூங்கிவிட்டாயா என்று பிடித்துக்கொண்டார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் நான் தூங்குமூஞ்சி. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பிறகு அவளுக்குத் திருவள்ளூரில் மாப்பிள்ளை அமைந்தது, கோர்ட்டில் கிளார்க்கு. கல்யாணத்துக்கு முந்திய ஞாயிறு, எல்லோரும் கலைந்த பின் அவள் பலகைக்குப் பின்னால் வந்தாள். அதற்குமுன் ஒரு நாளும் அங்கே வந்ததில்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இன்னாண்ணா, இத்தினி வருசமா காத்து அடிச்சிக்கினே இருந்தீங்க. ஒரு தபாவாச்சும் வாசிச்சிருக்கீங்களா? போய் உக்காருங்க, நான் அடிக்கிறேன்."

கைப்பிடியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு வாசிக்க எங்கே தெரியும்? கைக்கு எட்டிய ஒரு கட்டையை அழுத்தினேன். கோயில் முழுக்க ஒரே சுரம் நின்றது. விரல் என்னுடையது, காற்று அவளுடையது. பலகைக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "போதும்ணா, கை வலிக்குது" என்றாள்.

விரலை எடுத்தால் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எடுக்காமலே இருந்தேன். சுரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நின்றது. அப்புறமும் நான் எடுக்கவில்லை.